எடையில்லாத வாள்

1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்கு வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஆட்டத்தின் நாயகன் கிளவுட் ஸ்ட்ரைஃப், கிட்டத்தட்ட தன் உயரத்துக்கே இருக்கும் ஒரு வாளை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். பஸ்டர் வாள் என்று அதற்குப் பெயர். பட்டையான அலகு, பிடிக்கு அருகே இரண்டு துளைகள், உறை கிடையாது. சண்டையில் வென்றதும் அதைத் தலைக்கு மேலே சுழற்றி, பார்க்காமலேயே முதுகில் செருகிக்கொள்வான். அந்த வாள் எத்தனை கிலோ இருக்கும் என்ற கேள்வி ஆடுகிறவருக்கு வருவதில்லை. கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்துகிறது, வாள் சுழல்கிறது. கணினிக்குள் எதற்கும் எடை இல்லை; இருப்பதுபோல் காட்டும் அசைவு மட்டுமே உண்டு.

கேள்வி முதன்முதலாக எழுவது, யாரோ ஒருவர் அந்த வாளைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்ய முற்படும்போது.

கதாபாத்திரங்களைப் போல உடையணிந்து வேடம் கட்டும் காஸ்பிளே பற்றிய பேச்சு பெரும்பாலும் வேறொருவராக மாறுவது, தினசரி வாழ்விலிருந்து தப்பிப்பது என்ற தடத்திலேயே போகிறது. கேம் கதாபாத்திரங்களை வேடம் கட்டுகிறவர்களைக் கொஞ்சநேரம் கவனித்தால் அந்தப் பேச்சு போதவில்லை என்று தெரியும். எடையே இல்லாத ஒன்றுக்கு எடை கொடுக்கும் வேலை அது. சினிமா நாயகனுக்கு ஒரு நடிகரின் உடம்பு முன்பே இருக்கிறது. அவர் போட்ட சட்டையை ஒரு தையல்காரர் தைத்திருக்கிறார். கேம் நாயகனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவன் சட்டையில் காற்று புகுந்ததில்லை, வியர்வை பட்டதில்லை. அந்தச் சட்டை உலகத்தில் முதல்முறையாகத் துணியாவது ஒரு ரசிகரின் தையல் எந்திரத்தில்தான்.

அந்த உடைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. 1981இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காக ஷிகெரு மியாமோட்டோ வரைந்த மாரியோவுக்கு ஒதுக்கப்பட்டது கைவிரல் நகமளவு கட்டம், சில பிக்சல்கள். அதில் மூக்கையும் வாயையும் பிரித்துக் காட்ட இடமில்லாததால் மீசை வந்தது. தலைமுடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி வந்தது. ஓடும்போது கை உடம்போடு கலந்துவிடாமல் தனியாகத் தெரிய வேண்டும் என்பதால் தோள்வார் வைத்த ஓவரால் வந்தது. 1996இல் வெளியான முதல் ‘டூம் ரைடர்’ ஆட்டத்தில் நாயகி லாரா கிராஃப்டின் நீண்ட பின்னல் இடையில் வரும் காட்சிப் படங்களில் மட்டும் தெரியும்; ஆட்டத்துக்குள் அதைக் காண முடியாது. ஓடும் பின்னலைத் தனியாக அசைத்துக் காட்டுவது அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில்தான் கைகூடியது. கிளவுடின் கதையும் இதே வகைதான். கதாபாத்திர வடிவமைப்பாளர் டெட்சுயா நொமுரா முதலில் அவனுக்குக் கொடுத்தது பின்னோக்கிப் படிய வாரிய கறுப்பு முடி. முப்பரிமாண உருவத்தைக் கட்டும் பாலிகன் துண்டுகளின் எண்ணிக்கையை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் அதில் இருந்தது. நாயகன் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பிறகு அது நாலாபக்கமும் குத்திட்டு நிற்கும் பொன்னிற முட்களாக மாறியது.

ஆக, எந்திரத்தின் இல்லாமையிலிருந்து பிறந்த மீசை, எந்திரத்தின் கணக்கைப் பார்த்துத் தொடங்கி எடுப்புக்காக மாற்றிய முடி. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அவற்றை அணு பிசகாமல் கையால் செய்கிறார். அந்தப் பொன்னிற முட்களைப் புவியீர்ப்புக்கு எதிராக நிற்க வைக்க, சூடு தாங்கும் செயற்கை இழை விக் ஒன்றைப் பிரித்து, கூடுதல் முடிப்பட்டைகளை வரிசை வரிசையாக உள்ளே தைத்து, ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் ஃபோம் துண்டு வைத்து, ஹேர் ஸ்பிரே அடித்து, டிரையரின் சூட்டில் இறுக்கி, மறுபடி ஸ்பிரே அடிக்கிறார். திரையில் சில முக்கோணங்களாக இருந்தது மேசைமேல் பல இரவுகளின் உழைப்பாகிறது.

வாளுக்கு வருவோம். இன்று உலகெங்கும் காஸ்பிளேயர்கள் பெரிய ஆயுதங்களையும் கவசங்களையும் செய்ய அதிகம் நம்புவது ஈ.வி.ஏ. ஃபோமை. ஜிம் தரையிலும் குழந்தைகள் விளையாடும் அறையிலும் விரிக்கும் புதிர்க்கட்டைப் பாய்கள் அதனால் ஆனவைதான். ஷூவின் அடித்தட்டும் அதே சரக்கு. முதலில் அளவு. கதாபாத்திரத்தின் படத்தை வைத்துக்கொண்டு, அவன் உயரத்தில் வாள் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுத் தன் உயரத்தால் பெருக்குகிறார்கள். கணக்கு பல சமயம் உதைக்கும், ஏனென்றால் கேம் உடம்புகளின் கால் மனிதக் காலைவிட நீளம், தோள் அகலம், இடை குறுகல். அந்த விகிதத்தை அப்படியே பின்பற்றினால் வாள் கதவு வழியே நுழையாது. கவசத்துக்கான அளவெடுப்பு இன்னும் அழகானது. சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தோளிலும் மார்பிலும் சுற்றி, அதன்மேல் டேப்பை ஒட்டி, மார்க்கரால் கவசத்தின் கோடுகளை உடம்பின்மீதே வரைந்து, கத்தரித்து எடுத்துத் தரையில் விரிக்கிறார்கள். உடம்பின் வளைவு தட்டையான தாளாகிவிடுகிறது. அதைப் பார்த்து ஃபோமை வெட்டி ஒட்டினால் தட்டை மறுபடி வளைவாகிறது. கேம் நிறுவனத்தில் ஒரு கலைஞர் கணினியில் செய்த வேலையை, அதாவது தட்டைத் துண்டுகளைச் சேர்த்து உருவம் சமைப்பதை, இங்கே கத்தியும் டேப்புமாக ஒருவர் திரும்பச் செய்கிறார்.

வெட்டிய ஃபோமை ஹீட் கன்னால் சூடாக்கும்போது மேற்பரப்பின் மங்கல் மாறி லேசான மினுமினுப்பு ஏறும். நுண்துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கு அடையாளம் அது. அதன்பின் பெயின்ட் உள்ளே இறங்காது. ஒட்டுவதற்கு காண்டாக்ட் சிமென்ட், செருப்பு ஒட்டும் பசை வகை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, சேர்க்க வேண்டும். சேர்த்த கணமே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. அதன் ஆவி கெடுதல் என்பதால் முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். நீளமான அலகு தொய்ந்துவிடாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் குழாயோ மரச்சட்டமோ ஓடும். கடைசியில் ரப்பர் பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம்.

வெள்ளி அடித்ததும் வாள் பொம்மைபோல் இருக்கும். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீர்த்த கறுப்பு பெயின்டை எங்கும் பூசி உடனே துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கும். காய்ந்த தூரிகையில் கொஞ்சம் வெள்ளி எடுத்து விளிம்புகளைத் தொட்டால் தேய்மானம் வரும். எங்கே தேய்ந்திருக்கும், எங்கே கீறல் விழுந்திருக்கும், கை பட்டுப் பட்டு எந்த இடம் பளபளத்திருக்கும் என்று செய்கிறவர் முடிவெடுக்க வேண்டும். 1997 ஆட்டத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. அங்கே வாள் என்பது நிறம் நிரப்பிய சில தளங்கள். 2020இல் வந்த மறுஆக்கம் கீறல்களைக்கூடக் காட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வாளைச் செய்தவர்கள் எல்லோரும் அதற்கு ஒரு கடந்தகாலத்தைத் தாங்களே எழுதினார்கள். இந்த வேலையில் மிகவும் மதிக்கத்தக்கது இதுதான் என்று தோன்றுகிறது. கதையில் அந்த வாள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்தது. கைமாறிய பொருளில் கைகளின் தடம் இருக்கத்தானே வேண்டும்? எந்திரம் விட்டுவிட்ட அந்தத் தடத்தை ஒரு ரசிகர் தூரிகை நுனியால் போடுகிறார்.

இனி அணிவது. மூன்றாம் ஆள் பார்வையில் ஆடும் ஆட்டங்களில், ஆடுகிறவர் தன் நாயகனின் முதுகைத்தான் மணிக்கணக்கில் பார்க்கிறார். அவன் எப்படி ஓடுகிறான், எந்தக் காலில் சாய்ந்து நிற்கிறான், கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் தனியாக நின்று என்ன செய்கிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சும்மா நிற்கும்போது தோளை அசைப்பது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது போன்ற சின்ன அசைவுகளை அனிமேட்டர்கள் அதற்கென்றே செய்துவைத்திருப்பார்கள். தேர்ந்த காஸ்பிளேயரின் நிலை பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. போஸ்டரில் இருக்கும் வீரநிலையை யாரும் பார்த்துச் செய்துவிடலாம். கட்டைவிரல் வழியே பழகியவருக்குத்தான் அந்தச் சும்மா நிற்றல் தெரியும். கேமில் தன் விரலசைவுக்கு அவன் உடம்பு ஆடியது; இப்போது அவன் பழக்கத்துக்கு இவர் உடம்பு ஆடுகிறது.

உடம்பு சும்மா ஒப்புக்கொள்வதில்லை. 2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’வின் 2பி என்ற ஆண்ட்ராய்டு போர்வீராங்கனை கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டியிருப்பாள். அவளுக்கு அது பார்வையை மறைப்பதில்லை. அவளை வேடம் கட்டுகிறவர்கள் வெளியே கறுப்பாகத் தெரிந்து உள்ளிருந்து ஓரளவு பார்க்க விடும் மெல்லிய துணியைத் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படியும் மங்கலாகத்தான் தெரியும். இடிந்த கட்டிடங்களுக்கு நடுவே தாவிச் சண்டையிடும் ஆண்ட்ராய்டு, ரசிகர்கள் கூடும் கான்வென்ஷன் அரங்கின் படிக்கட்டில் தோழியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்குகிறாள்.

அந்தத் தோழியை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. வேடம் கட்டியவருக்குத் தண்ணீர் கொடுப்பது, கவசத்தின் கொக்கியைப் போட்டுவிடுவது, பிய்ந்த இடத்தை ஒட்டப் பசையும் ஊசிநூலும் பையில் சுமப்பது எல்லாம் இவர்தான். காஸ்பிளேயின் வரலாற்றிலேயே இப்படி மறைந்துபோன கை ஒன்று முதல் பக்கத்தில் இருக்கிறது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் எதிர்கால மனிதன்போல் உடையணிந்து வந்தார். மாநாட்டு வேடத்தின் தொடக்கமாகப் பலரும் அந்தப் படத்தையே காட்டுவார்கள். அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் மிர்டில் ஆர். டக்ளஸ், ரசிகர் வட்டத்தில் மொரோஜோ. 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ திரைப்படத்தையும் இதழ் ஓவியர் ஃபிராங்க் ஆர். பாலின் சித்திரங்களையும் மனதில் வைத்து அவர் இரண்டு உடைகளைச் செய்தார். இரண்டாவதை அணிந்து அவரும் அதே மாநாட்டில் நின்றார். பெயர் நெடுங்காலம் ஆக்கர்மனுக்குத்தான் போனது. உடுத்தியவரைப் பார்க்கும் கண் தைத்தவரைப் பார்ப்பதில்லை. அதைத் திருத்த வேண்டியது அந்தக் கலையை நேசிக்கிறவர்களின் கடன்.

போட்டோ ஷூட்டின் சிக்கலும் இதுதான். மாதக்கணக்கில் சேர்த்த எடையை ஒரு நல்ல படம் அழித்துவிடுகிறது. அழிக்க வேண்டும் என்பதே படமெடுப்பவரின் இலக்கு.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்கு அருகே, மேரிலாந்தின் நேஷனல் ஹார்பரில், 2010 முதல் பிப்ரவரி மாதங்களில் கட்சுகான் என்ற மாநாடு கேலார்ட் நேஷனல் விடுதியில் கூடிவருகிறது. பொட்டோமாக் ஆற்றைப் பார்த்தபடி பல மாடி உயரத்துக்கு எழும் கண்ணாடிக் கூடம் அந்த விடுதியின் நடுவே இருக்கிறது. அதனுள் நின்ற ஒரு சிறு மண்டபம் ஆண்டுக்கணக்கில் காஸ்பிளே படங்களின் புகழ்பெற்ற பின்னணியாக இருந்தது. காரணம் எளிது. மாநாட்டு அரங்குகளில் விளக்கு உச்சியிலிருந்து விழும். கண்குழி கறுத்துப்போகும், விக்கின் நிழல் நெற்றியில் கோடு போடும். கண்ணாடிக் கூரை வழியே வரும் குளிர்கால வெளிச்சம் எல்லாப் பக்கமும் மெதுவாகப் பரவி முகத்தை விடுவிக்கிறது. அதனால் அந்த மண்டபத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருந்தது. ஒரு குழு முடித்து இறங்குமுன் அடுத்த குழு வாளும் சிறகுமாக ஏறி நிற்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் இப்படி இருக்கும். படமெடுப்பவர் தரையோடு தரையாகப் படுக்கிறார். தாழ்ந்த கோணத்தில் வாள் இன்னும் நீளும், பின்னால் நடப்பவர்கள் சட்டகத்துக்குக் கீழே போய்விடுவார்கள். ஒருவர் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஃபிளாஷைக் கம்பில் உயர்த்திப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் மேலங்கியின் நுனியைத் தூக்கி, எண்ணிக்கை முடிந்ததும் காற்றில் வீசிவிட்டுச் சட்டகத்திலிருந்து விலகி ஓடுகிறார். துணி விழுவதற்குள் படம் விழ வேண்டும். விழவில்லையென்றால் மறுபடி வீச்சு, மறுபடி ஓட்டம். கிளவுடின் வாளைத் தூக்கிப் பிடித்த கை நடுங்குகிறது. படத்தில் நடுக்கம் இருக்காது. உள்ளே வியர்வை ஊறுகிறது; படத்தில் ஈரம் இருக்காது. பிறகு கணினியில் பின்னணியின் மனிதர்கள் துடைக்கப்படுகிறார்கள், வாளின் துளைகளில் பச்சை ஒளி ஏற்றப்படுகிறது. எடையில்லாத உலகத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த உருவம் மறுபடி எடையில்லாத உலகத்துக்கு ஏறிப்போகிறது. ஆனால் முதலில் இருந்த உருவமும் இதுவும் ஒன்றல்ல. இந்த முகத்தில் ஒரு மனிதரின் எலும்பு இருக்கிறது.

ஜப்பானில் இந்தச் சடங்குக்கு ஒழுங்கு கூடுதல். 1975 டிசம்பரில் தோக்கியோவில் தொடங்கிய காமிக் மார்க்கெட்டில், வீட்டிலிருந்தே வேடத்தில் வரக் கூடாது, வேடத்தோடு வீடு திரும்பவும் கூடாது. உடை மாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு, குறித்த இடத்தில் நின்றுதான் படமெடுக்கலாம். எடுப்பவர்கள் வரிசையில் வந்து கேட்டு எடுக்கிறார்கள். வரிசை கட்டுமீறினால் சுற்றி வளைத்து நிற்கிறார்கள். யாராவது பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ண, சுழியத்தில் எல்லாக் கேமராக்களும் தாழ்கின்றன. ஆகஸ்ட் வெயிலில் முழுக்கவசத்தில் நிற்பவருக்கு அந்தச் சுழியம் எவ்வளவு பெரிய கருணை. அமெரிக்க மாநாடுகள் இதே பாடத்தைக் கசப்போடு கற்றன. வேடம் கட்டிய பெண்களைக் கேட்காமல் தொடுவதும் படமெடுப்பதும் சகஜமாகிப்போன நிலையில், 2014இல் நியூயார்க் காமிக் கான், காஸ்பிளே என்பது சம்மதம் ஆகாது என்று அரங்கில் பெரிய பலகைகளை வைத்தது. கதாபாத்திரம் எல்லோருக்கும் சொந்தம், உடம்பு ஒருவருக்கு மட்டுமே சொந்தம். அதைப் பலகை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே வருத்தம்தான்.

நிறுவனங்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கின்றன. லாரா கிராஃப்டுக்குத் தொண்ணூறுகளில் விளம்பர மாடல்களை வாடகைக்கு அமர்த்தினார்கள். 2017இல் வந்த ‘ஹொரைசன் ஜீரோ டான்’ ஆட்டத்துக்காக அதை உருவாக்கிய கெரில்லா கேம்ஸ், நாயகி அலாயின் உடையை எல்லாப் பக்கமும் காட்டும் காஸ்பிளே கையேட்டையே ரசிகர்களுக்குக் கொடுத்தது. முன்பு ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திக் காகிதத்தில் வரைந்துகொண்டவர்களுக்கு இது வரம். ஊகிக்க இருந்த இடம் குறைந்துபோனது என்ற சின்ன இழப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

ஊகம் குறையாத ஒரு இடம் உண்டு: அணிகிறவரின் சொந்த உடம்பு. கேம் நாயகர்களின் தோல் நிறமும் இடுப்பளவும் யாரோ தேர்ந்தெடுத்தவை. அவற்றோடு ஒத்துப்போகாதவர்கள் வேடம் கட்டினால் ‘பொருந்தவில்லை’ என்ற சொல் பறந்து வருகிறது. சாக்கா கம்பர்பேட்ச் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஜப்பானிய அனிமே நாயகி சைலர் வீனஸாக வேடம் கட்டியதற்குக் கிடைத்த வசைகளைப் பற்றி எழுதினார். 2015இல் பிப்ரவரி மாதம் முழுக்கக் கறுப்பினக் காஸ்பிளேயர்களின் படங்களைப் பகிரும் ஓர் இயக்கத்தையும் தொடங்கினார். மறுபுறம், தோலை மையால் கறுப்பாக்கிக்கொண்டு ‘லீக் ஆஃப் லெஜன்ட்ஸ்’ ஆட்டத்தின் பைக் என்ற பாத்திரத்தின் வேடத்தைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், 2019இல் யூரோ காஸ்பிளே போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். துல்லியம்தானே கலை, அதில் என்ன தவறு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. உடை துல்லியமாக இருக்கட்டும், அதற்காக எத்தனை இரவும் விழிக்கலாம். தோல் உடையல்ல. அதைக் கழற்றி வைக்க முடியாதவர்கள் அதற்காகப் பட்ட அவமதிப்பு அந்த மைக்குள் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து வேடம் ஒதுக்கும் வழக்கத்தைத் திரையில் பார்த்தே வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் இந்நகரத்தின் முதல் காமிக் கான் கூடியது. ஜப்பானிய, அமெரிக்க நாயகர்களை இங்குள்ள இளைஞர்கள் தங்கள் நிறத்தோடும் உயரத்தோடும் கட்டி நிற்கும்போது, அந்தப் பாத்திரங்களுக்கு அதுவரை இல்லாத எடையொன்று சேர்கிறது.

அந்த எடையைக் கேமரா காட்டாது. காட்டும் இடம் ஒன்று கான்வென்ஷனிலேயே இருக்கிறது, பார்வையாளர்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத இடம். கைவினைப் போட்டிகளில், மேடையேறுவதற்கு முன் நடுவர்கள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துச் சில நிமிடங்கள் பேசுகிறார்கள். அங்கே வெளிச்ச வித்தை எதுவும் கிடையாது. செய்முறைப் படங்களை ஒட்டிய நோட்டுடன் காஸ்பிளேயர் நிற்கிறார். நடுவர் வாளை வாங்கிக் கையில் தூக்கிப் பார்க்கிறார், தோள்கவசத்தைத் திருப்பி உட்பக்கம் பசை வழிந்திருக்கிறதா என்று தடவுகிறார், மேலங்கியின் ஓரத்தைப் புரட்டித் தையலின் உள்முனை மடித்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். இந்த இணைப்பை எப்படி ஒட்டினீர்கள், பெயின்ட் ஏன் இங்கே வெடிக்கவில்லை, இதை மாட்டிக்கொண்டு எப்படி உட்காருகிறீர்கள் என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் மேடையில் பேசப்போகும் எந்த வசனத்தையும்விட அதிக வேகத்தில், பாத்திரத்தை மறந்து, தன் குரலில் பதில் சொல்கிறார்.